ராகு முன்கூட்டியே வந்த புதன்கிழமை

விளாங்குடியில் நேரம் தவறாமல் நடக்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான். அது ராகு காலம்.

மற்றதெல்லாம் அவரவர் வசதிப்படி. 'பத்து மணிக்கு வாரேன்' என்றால் பன்னிரண்டு. 'கிளம்பிட்டேன்' என்றால் ஆள் இன்னும் துண்டு தேடுகிறார். 'இந்தா, பக்கத்துல வந்துட்டேன்' என்றால் குளித்துவிட்டார், அவ்வளவுதான். இதற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. காத்திருக்க வேண்டியவரும் வந்திருக்க மாட்டார். ஆனால் ராகு காலம் தொடங்க ஒரு நிமிஷம் இருக்கும்போது பாருங்கள், அத்தனை பேர் கண்ணும் கடிகாரத்தில் இருக்கும். நாள் முழுவதையும் தாராளமாக வீணாக்குகிற ஜனங்கள், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் குலை நடுங்குவார்கள்.

இந்த நடுக்கத்தை நம்பித்தான் நாழிகைச் சாமி வந்து இறங்கினார்.

மெயின் ரோட்டு மாடியில் கூடம் பிடித்தார். கூடத்தில் கடிகாரம் கிடையாது. வருகிறவர்கள் செல்போன், வாட்ச் எல்லாவற்றையும் வாசலில் சீடர் பேச்சிமுத்துவின் கூடையில் போட்டுவிட வேண்டும். சாமி கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருப்பார். திடீரென்று உடம்பு உதறும். "வந்துட்டான்! ராகு வந்துட்டான்!" என்று அலறுவார். பேச்சிமுத்து கூடையிலிருந்து ஏதாவது ஒரு போனை எடுத்துப் பார்த்து உரக்கச் சொல்வார். அச்சு அசலாக ராகு காலம் பிறக்கிற நிமிஷம்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அப்புறம் கயிறு வியாபாரம். உள்ளூர் ராகுவுக்குக் கறுப்பு, வெளியூர் ராகுவுக்குச் சிவப்பு, வெளிநாட்டு ராகுவுக்கு இரண்டையும் சேர்த்து முறுக்கியது. பேரையூரிலிருந்தும் டி. கல்லுப்பட்டியிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். வேன் தாமதமாகத்தான் வந்தது, அது வேறு கதை.

முதல் வரிசை பக்தர், எதிர்ச் சாரியில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கும் பாண்டியராஜன். தன் கல்யாண முகூர்த்தத்துக்கே தாமதமாகப் போய், மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர். ஆனாலும் கடை போர்டுக்கு மேலே வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு கடிகாரம் மாட்டியிருந்தார். சாமி வந்த முதல் வாரமே கடைக்கு எழுந்தருளி, "பாண்டி, இந்தக் கடிகாரம் நொடி பிசகாம ஓடணும். ஓடுனாத்தான் லட்சுமி தங்குவா" என்று அருள்வாக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து பாண்டியராஜன் கடைக்குப் பூட்டுப் போட மறந்தாலும் கடிகாரத்துக்குப் பேட்டரி போட மறப்பதில்லை.

அவர் மகள் அஸ்வினி நர்சிங் முடித்து, ஜெர்மன் பாஷையும் படித்து, அந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். கம்ப்யூட்டரில் நேர்காணல், வியாழக்கிழமை அங்கே காலை பத்து மணிக்கு. இங்கே ஒன்றரை.

வியாழக்கிழமை ஒன்றரை! பாண்டியராஜன் காலண்டரைப் பார்த்தார். ராகு காலம் பிறக்கிற நேரமேதான். சாமியிடம் ஓடினார். "ஜெர்மன் ராகுவும் மதுரை ராகுவும் சேர்ந்து புடிக்கிற நேரம்டா பாண்டி. மூணு மணிக்கு மேல மாத்தச் சொல்லு. இல்லாட்டி புள்ள வாழ்க்கை போச்சு" என்றார் சாமி. முறுக்குக் கயிறும் கட்டிவிட்டார்.

"அப்பா, அவுக கொடுத்த நேரத்தை நாம மாத்தச் சொன்னா, வேற ஆளுக்குக் கொடுத்துட்டுப் போயிருவாக. ரெண்டு வருசம் படிச்சிருக்கேன்" என்றாள் அஸ்வினி.

"மாத்தாட்டி நீ கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார முடியாது தாயி. ஒயரைப் புடுங்கிருவேன்."

"சரி. ராகுவுக்கு அங்க பத்து மணியா, இங்க ஒன்றரையா? எந்தக் கடிகாரத்தைப் பாத்து வாராரு?"

"அவருக்கு எதுக்குத்தா கடிகாரம்?"

"அவருக்கு வேணாம். உங்க சாமிக்கு வேணும்ல?" என்றாள். "அந்தக் கூடத்துல எல்லா ஜன்னலையும் சாத்திட்டு, நம்ம கடையைப் பாத்த ஜன்னலை மட்டும் ஏன் தெறந்து வச்சிருக்காரு? வெயில் நேரா மொகத்துல அடிக்குது. நீங்க எல்லாம் அதுக்கு முதுகு காட்டி உக்காந்திருக்கீக. போன மாசம் நம்ம கடிகாரம் ரிப்பேராகி நின்னுச்சே, அன்னைக்குச் சாமி என்ன செஞ்சாரு?"

பாண்டியராஜன் யோசித்தார். அவருக்கு அது புதுப் பழக்கம், கொஞ்ச நேரம் பிடித்தது. அன்றைக்குச் சாமி திடீரென்று மௌன விரதம் இருந்தார்.

"சும்மா இரு. சாமியைப் பேசாத" என்றார், குரல் முன்னைப்போல ஏறவில்லை.

"நாளைக்குப் புதன். பன்னெண்டுக்கு ராகு காலம். காலையில நம்ம கடிகாரத்தை இருபது நிமிசம் கூட்டி வைங்க. சாமி உண்மையிலேயே ராகுவைக் கண்டா, சரியா பன்னெண்டுக்கு உதறட்டும். நானே மெயில் போட்டு நேரத்தை மாத்தச் சொல்றேன். இல்லாட்டி ஒன்றரைக்கு உக்காருவேன். சம்மதமா?"

சாமி மேல் இருந்த நம்பிக்கையில் பாண்டியராஜனே ஏணி போட்டு ஏறி முள்ளைத் திருப்பினார். எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை.

புதன்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பாண்டியராஜன், பக்கத்தில் அஸ்வினி. சாமி கண்ணைப் பாதி மூடினார். மூடாத பாதி ஜன்னல் பக்கம் இருந்தது. இத்தனை நாள் எப்படித்தான் இது கண்ணில் படாமல் போனது என்று பாண்டியராஜனுக்கு எரிச்சலாக வந்தது.

உடம்பு உதறியது. "வந்துட்டான்! ராகு வந்துட்டான்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒச்சாயி என்ற அம்மாவுக்கு அருளே வந்துவிட்டது. பேச்சிமுத்து வழக்கம்போல ஒரு போனை எடுத்தார். திறந்த வாய் திறந்தபடி நின்றது. அதை வைத்துவிட்டு இன்னொரு போனை எடுத்தார். அதுவும் சரியில்லை போலிருக்கிறது.

"சொல்லுங்கண்ணே, மணி என்ன?" என்றாள் அஸ்வினி.

"பதினொன்னு... நாப்பது" என்றார் பேச்சிமுத்து, செத்த குரலில்.

சாமி சுதாரித்துக்கொண்டார். "பக்தர்களே, இன்னைக்கு ராகு முன்கூட்டியே வந்துட்டான்!"

நல்ல சமாளிப்புதான். வேறு ஊராக இருந்தால் தப்பித்திருப்பார்.

பாண்டியராஜன் எழுந்தார். "முன்கூட்டியேவா? சாமி, இந்த ஊருல எவனாச்சும் முன்கூட்டியே வந்து பாத்திருக்கியா? கரண்டுக்காரன் வந்தானா? கல்யாண மாப்ள வந்தானா? நான் வந்தேனா? ராகு மட்டும் வந்துருவானாக்கும்!"

யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள். அவர் ஜன்னலைக் காட்டினார். எல்லோரும் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே போர்டுக்கு மேலே பெரிய கடிகாரம், பன்னிரண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அதுதான்யா ராகு. அந்த ராகுவுக்கு மாசாமாசம் பேட்டரி போட்டது வேற யாருமில்ல, இந்தக் கூமுட்டைதான்" என்று தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

கயிறுகள் அறுந்து சாமியின் மடியில் விழுந்தன. ஒச்சாயிக்கு வந்த அருள், வந்த வேகத்தில் மலையேறி, "எடு வெளக்கமாத்தை" என்று சாதாரணக் குரலில் கேட்டது. சாமி ஆட்டோ பிடித்து ஓடியபோது மணி பன்னிரண்டரை. அசல் ராகு காலம். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

மறுநாள் ஒன்றரை. அஸ்வினி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் யாரும் இல்லை. ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு போயிற்று, ஐந்தும் போயிற்று. வாசலில் நின்ற பாண்டியராஜன் உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். நேற்று அத்தனை பேர் முன்னால் முழங்கியவரின் கை, அறுத்தெறிந்த கயிற்றைச் சட்டைப்பையில் தேடியது. நல்லவேளை, அங்கே இல்லை. திரையில் ஒரு வெள்ளைக்கார அம்மா மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார்.

"என்னத்தா சொன்னாக?" என்று நேர்காணல் முடிந்ததும் பாண்டியராஜன் பதறிக் கேட்டார்.

"முதல்லயா? அவுக வந்த ரயில் லேட்டாம்ப்பா."

பாண்டியராஜனுக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் வேலைக்கான கடிதம் வந்தபோது தெரு முழுக்க லட்டுக் கொடுத்தார்.

லட்டை வாயில் போட்டுக்கொண்டே பக்கத்து டீக்கடை கருத்தக்கண்ணன் காதோடு கேட்டார்: "மாமா, சரியா ராகு காலத்துல பேசித்தான் வேலை கிடைச்சுச்சாமே. அப்ப இனிமே ராகு காலந்தான் நல்ல நேரமா? எம் மகனையும் அந்த நேரத்துலயே கிளப்பி விடவா?"

பாண்டியராஜன் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாப்ள, படிச்சது எம் மக. பேசுனது எம் மக. வேலை வாங்கிக் கொடுத்தது மட்டும் ராகுவா? மணி காட்டச் சுவத்துல ஒண்ணு மாட்டியிருக்கு. யோசிக்கக் கழுத்துக்கு மேல ஒண்ணு மாட்டியிருக்கு. நானே போன புதன்கிழமைதான் அதுக்குப் பேட்டரி போட்டேன். நீ எப்பய்யா போடப் போறே?"