தோற்காத கம்பவுண்டர்

சேர்வராயன் மலையில் எங்கள் கம்பவுண்டரைப் போல செஸ்ஸில் தோற்றவர் யாரும் இருந்திருக்க முடியாது. அதே மலையில், தான் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்த ஒரே ஆளும் அவர்தான்.

எழுபதுகளின் கடைசி. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் நான் டெலிபோன் ஆபரேட்டர். ஊர் உலகத்தோடு பேசுகிற டெலிபோன் இல்லை. எஸ்டேட்டுக்குள் மட்டும் பேசிக்கொள்ள, சில்வர் ஓக் மரங்களில் கம்பி கட்டி இழுத்த சொந்த லைன். மேனேஜர் பங்களா, எஸ்டேட் ஆஸ்பத்திரி, காப்பிப் பழம் அரைக்கிற பல்பர் ஹவுஸ், மாரமங்கலம் பக்கம் இருந்த கீழ் டிவிஷன் எல்லாவற்றிலும் ஒவ்வொரு போன். அங்கே கைப்பிடியைச் சுற்றினால் இங்கே என் போர்டில் ஒரு சின்னத் தகடு டக்கென்று விழும். யார் வேண்டுமென்று கேட்டுச் சேர்த்துவிடுவேன். சேர்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. விதி போட்டவர் எஸ்டேட் ஆபீசில் ஒரு மத்தியானம்கூட உட்கார்ந்ததில்லை என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு வேளை ஆனால் முதலில் விழுவது ஆஸ்பத்திரித் தகடுதான். பேசுவது கம்பவுண்டர்.

"அம்மிணி, ஞானத்தைப் போடுங்க."

ஞானம் கீழ் டிவிஷனில் ஸ்டோர் கீப்பர். உரம், மண்வெட்டி, மழைக்கோட்டு எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு பேரும் ஆளுக்கொரு செஸ் போர்டையும், நடுவில் ஒரு பள்ளத்தாக்கையும் வைத்துக்கொண்டு போனிலேயே ஆடுவார்கள். ஒருவர் காயை நகர்த்திச் சொல்ல, மற்றவர் தன் போர்டிலும் அதே காயை நகர்த்திக்கொள்வார். எதிரெதிரே உட்கார்ந்து ஆடியதே கிடையாது.

ஞானம் நிதானமாக யோசிப்பார். அவர் யோசிக்கிற நேரத்தில் கம்பவுண்டர், "ம்... ஆகட்டுங்க... ம்..." என்று மாட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டுவார். தன் முறை வந்ததும் யோசிக்காமல் காயைத் தூக்குவார். ஆகவே ஞானம் ஜெயிப்பார். ஆனால் கம்பவுண்டர் தோற்கமாட்டார்.

"லைன்ல ஒரே இரைச்சலுங்க அம்மிணி. அவரு குதிரைன்னது எனக்கு யானைன்னு கேட்டுப்போச்சு."

நான் லைன்மேனை அனுப்பினேன். மரம் மரமாக ஏறி இறங்கி வந்தவர், "கம்பில ஒரு கொரங்கு உக்காந்திருந்துச்சுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். போதாதா? அந்த வாரத்துத் தோல்வி அத்தனையும் குரங்கின் தலையில் விழுந்தது. அடுத்து நாற்காலி ஆடுகிறது என்று நாற்காலியை மாற்றினார். கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். பிறகு மேற்கே பார்த்து உட்கார்ந்தார். மூடுபனி வந்தால் மூடுபனி. வெயில் அடித்தால் வெயில். காப்பி பூத்தபோது, "இந்த வாசனைல மனுசனுக்கு எப்படீங்க மூளை ஓடும்?" என்றார். அதே வாசனையில்தான் ஞானமும் ஆடினார் என்று நான் சொல்லவில்லை. ஆபரேட்டர் அபிப்பிராயம் சொல்லக்கூடாது.

தோற்றதும் நிறுத்தினால் பரவாயில்லை. "இன்னொண்ணு!" என்பார். இரண்டாவது ஆட்டம் முதல் ஆட்டத்தில் பாதி நேரத்தில் முடியும். "கடைசியா ஒண்ணு!" மூன்றாவதில் அவர் ஆடியதைச் செஸ் என்று சொன்னால் செஸ்ஸுக்குக் கோபம் வரும்.

இதெல்லாம் அவரோடு போயிருந்தால் நான் எழுதவே மாட்டேன். தோற்ற நாளில் அவர் போடுகிற ஊசி எலும்பை விசாரித்துவிட்டுத்தான் வெளியே வரும். அதனால் மத்தியானத்துக்கு மேல் என் போர்டில் ஒவ்வொரு தகடாக விழ ஆரம்பிக்கும். பல்பர் ஹவுஸ் மேஸ்திரி மெதுவான குரலில் கேட்பார்.

"ஏனுங்க அம்மிணி, கம்பவுண்டரு இன்னிக்கு எப்படீங்க?"

"மூணும் போச்சுங்க."

"அப்பக் காச்சல் நாளைக்கு வரைக்கும் இருக்கட்டுங்க."

புதிதாக வந்த மேனேஜருக்கு இந்த விளையாட்டைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக் கிடந்ததால், யார் போனை எடுத்தாலும் மற்றவர்கள் பேசுவது கேட்கும். ஒரு நாள் பங்களா போனை எடுத்தவர் காதில், "ராணியை இன்னிக்கு வெட்டாம உடமாட்டனுங்க" என்று கம்பவுண்டர் குரல் விழுந்திருக்கிறது. மேனேஜருடைய நாயின் பெயர் ராணி. விஷயம் புரியும்வரை அந்த நாய் வீட்டுக்குள்ளேயே கட்டப்பட்டுக் கிடந்தது.

வினை வந்தது ஒரு மழை நாளில். கம்பவுண்டர் அன்றைக்கு நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். ஞானம் வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தார். அப்போது கீழ் டிவிஷன் பக்கம் ஒரு பெண் குரல் ஏதோ முணுமுணுத்தது. உடனே ஞானம் குதிரையை நகர்த்தினார். அந்த ஒரே நகர்த்தலில் கம்பவுண்டரின் ராணி போய்விட்டது.

"ஞானம்! பக்கத்துல ஆளை வெச்சுக் கேட்டுக் கேட்டு ஆடறீங்களா? இத்தனை நாளா இப்படித்தான் ஜெயிச்சீங்களா? இதுக்குப் பேரு திருட்டு ஆட்டமுங்க!"

அந்த நேரத்தில் பாதி எஸ்டேட் கேட்டுக்கொண்டிருந்தது. போன் கை மாறுகிற சத்தம் வந்தது. பேசியது ஞானத்தின் மனைவி.

"ஏனுங்க கம்பவுண்டரே, கஞ்சி ஆறுது, வந்து குடியுங்கன்னு சொன்னேன். அதுல எந்தக் குதிரைங்க இருக்குது?"

போன் வைக்கப்பட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரித் தகடு விழுந்தது. கீழ் டிவிஷனுக்கு மணி அடித்தேன். ஞானம் எடுத்து, "ஸ்டோர்ல வேலை இருக்குதுங்கன்னு சொல்லிருங்க அம்மிணி" என்றார். அதற்கடுத்த நாளும் அதே பதில். அப்புறம் ஆஸ்பத்திரித் தகடு விழவே இல்லை.

கம்பவுண்டர் வேறு ஆள் பிடித்தார். பங்களா பட்லரை வென்றார். பஸ்ஸுக்காக ஒண்டிக்கடை ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்த, கணக்கு எழுதுகிற ஒரு எஸ்டேட் ரைட்டரை இழுத்து வந்து உட்கார வைத்து வென்றார். சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர்களையும் வென்றார். எஸ்டேட் வரலாற்றில் அப்படி ஒரு வெற்றி ஊர்வலம் நடந்ததில்லை. ஆனாலும் மேஸ்திரி எனக்குப் போன் பண்ணி, "எல்லாத்துலயும் ஜெயிக்கறாருங்க. ஊசி மட்டும் இப்பத்தான் நொம்ப வலிக்குது" என்றார்.

ஒரு மத்தியானம் கம்பவுண்டர் நேரில் ஆபீசுக்கு வந்தார். போனில் சொன்னால் எஸ்டேட்டே கேட்கும் என்று நடந்தே வந்திருந்தார். என் போர்டுக்குப் பக்கத்தில் குடையை மடித்து வைத்தார்.

"ஜெயிச்சா சந்தோசமா இருக்கோணுமில்லீங்க அம்மிணி?"

"இருக்கணுங்க."

"ஒண்ணுமே இல்லீங்க. பட்லரை ஜெயிச்சு என்னத்தப் பண்றது?" பிறகு குரலைத் தாழ்த்தி, "ஞானத்துக்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார்.

"நான் என்னத்தங்க சொல்றது? இந்தாங்க, நீங்களே பேசுங்க."

யோசிக்க நேரம் கொடுத்தால் ஓடிவிடுவார் என்று மேஜைப் போனை அவர் கையில் கொடுத்து லைனைப் போட்டேன். அந்தப் பக்கம் ஞானம் "அலோ" என்றார். நடுவில் இரண்டு மூன்று போன்கள் எடுக்கப்படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஞானம்..." என்றார் கம்பவுண்டர். "அன்னிக்கு லைன் நல்லாத்தானுங்க இருந்துச்சு."

"என்னிக்குங்க?"

"எல்லா அன்னிக்குந்தான்." பிறகு, "ஊட்டுல சொல்லுங்க, கஞ்சில குதிரை இல்லீன்னு" என்றார்.

லைனில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பட்லராகத்தான் இருக்கும்.

ஞானம் ஆட ஒப்புக்கொண்டார், ஆனால் நிபந்தனை போட்டு. ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம். தோற்றவர் தன்னுடைய தப்பு ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். லைனைச் சொல்லக்கூடாது, வானத்தைச் சொல்லக்கூடாது, எதிராளியையும் சொல்லக்கூடாது.

முதல் ஆட்டத்தில் கம்பவுண்டர் தோற்றார்.

"சொல்லுங்க" என்றார் ஞானம்.

"என்ற தப்பு... உங்களாட்டம் யோசிச்சுட்டே கெடக்கற ஆளோட ஆடுனது."

"அது நானுங்க."

"செரி. இந்த மழை..."

"அது வானமுங்க."

கடைசியில், "யானையை அவசரப்பட்டுத் தூக்கிட்டனுங்க. நீங்க மந்திரியை வெச்சுக் காத்துட்டிருந்ததை நான் பாக்கவே இல்ல" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. அது கம்பவுண்டருடையதுதான். இத்தனை காலம் எஸ்டேட்டில் எல்லோருக்கும் பல் பிடுங்கியவர் அவர். அன்றைக்கு அவருக்கே ஒன்று பிடுங்கிய மாதிரி இருந்ததாம், பிறகு என்னிடம் சொன்னார்.

அவர் ஒரே வாரத்தில் திருந்திவிடவில்லை. மூடுபனி நாட்களில், "பனி..." என்று ஆரம்பித்து, இருமி, "குதிரை" என்று மாற்றிக்கொள்வார். தப்பு செய்த இடத்தில் காய்களை அப்படியே வைத்துவிட்டு, நோயாளிகள் இல்லாத நேரத்தில் திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஆஸ்பத்திரி ஆயா சொன்னாள். ஆட்டங்கள் நீண்டுகொண்டே போயின. "ம்... ம்..." நின்றுபோனது. அவரும் யோசிக்க ஆரம்பித்ததில் என் ஹெட்போனில் வெறும் காற்றுச் சத்தம்தான் கேட்டது. தோற்றுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு விசாரிப்பதை விட்டுவிட்டார். எந்த நாளும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

பிறகு ஒரு நாள், சாப்பாட்டு வேளை முடிந்தும் ஆட்டம் முடியவில்லை. மேனேஜர் பங்களாவிலிருந்து ஒரு கால் வந்தது. ஆஸ்பத்திரி வேண்டுமாம். லைன் பிஸி என்றேன், பொய்யில்லையே. ஞானம் நீண்ட நேரம் யோசித்தார். பிறகு சிரித்தார்.

"என்ற ராஜா போக எடமில்லீங்க. தப்பு என்னுதுதான், யானையை மூலையிலேயே தூங்க உட்டுட்டேன்."

கம்பவுண்டர் கத்துவார் என்று ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. "நாளைக்கு ஆடலாமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரித் தகடு விழுந்தது.

"யாரைங்க போடணும்?" என்றேன்.

"யாரும் வேண்டாமுங்க அம்மிணி. சும்மா உங்ககிட்டச் சொல்லோணும்னு. இன்னிக்கு ஞானம் நொம்ப நல்லா ஆடுனாருங்க."

நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு காயும் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

"அப்படீங்களா?" என்றேன். "மொதல்ல இருந்து சொல்லுங்க."