எருமை சொன்ன விடை

எருமைக்கு ஒரு கொம்புதான் ஒழுங்காக வந்திருந்தது.

எஸ்றா கறுப்புக் காலுறையில் செய்த பொம்மையைக் கையில் மாட்டி விரல்களை அசைத்துப் பார்த்தான். வாய் திறந்து மூடியது. கண்கள் சட்டைப் பொத்தான்கள். குறை சொல்ல முடியாது. இடது கொம்பு மட்டும் காது மாதிரித் தொங்கியது.

"இது என்ன தம்பி, நாயா?" என்றாள் இன்பமணி.

இன்பமணி அவன் மனைவி டார்லினின் அக்கா. டார்லின் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அக்கா மாதம் ஒருமுறை விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். பையில் முறுக்கு இருக்கும். வாயில் ஒரே பேச்சு இருக்கும்.

"எருமை மைனி."

"எருமையோ நாயோ. பிள்ளை சிரிச்சாளா, அதைச் சொல்லுங்க."

ஸ்டெபி தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு. எருமையைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பென்சிலைச் சீவப் போய்விட்டாள்.

"பாத்தீங்களா? இந்த வயசுல நாங்கள்லாம் காரணமே இல்லாமச் சிரிப்போம். இது பெரிய மனுஷி மாதிரி இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன் தம்பி. எங்க வீட்டுல ரெண்டு கெடக்கு, அதுககூட மூணாவதா இதுவும் உருண்டு பொரளட்டும். ஜூன்ல அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருவோம்."

இந்தப் பேச்சுக்கு எஸ்றாவிடம் எப்போதும் பதில் இருந்ததில்லை. இந்த முறை எருமை இருந்தது.

"ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூல் ஆண்டுவிழா மைனி. இந்த எருமை மேடை ஏறுது. அவ சிரிக்கலேன்னா திங்கக்கிழமை காலைல நானே பள்ளிக்கூடத்துக்கு வந்து டி.சி. வாங்கித் தாரேன்."

"சிரிச்சான்னா?"

"இங்கனதான் இருப்பா."

சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தான். அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அவன் பள்ளியில் படித்த காலத்தில் டிவியில் காலையில் பாட நிகழ்ச்சி வரும். இலையில் பச்சையம், காந்தத்தின் துருவங்கள் என்று ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு சொல்லிக்கொண்டே போவார். நடுவில் ஒரு பொம்மை நாடகம். ஓர் எருமை, அதன் முதுகில் ஒரு கொக்கு. கொக்கு வாத்தியார். எருமை மாணவன். பச்சையம் போய்விட்டது. காந்தமும் போய்விட்டது. எருமை போகவில்லை.

"அஞ்சு வாழைப்பழம் இருக்கு. ரெண்டை எடுத்துட்டேன். மீதி எத்தனை?" என்று கொக்கு கேட்கும்.

எருமை யோசிக்கும். யோசித்துக்கொண்டே எல்லாப் பழத்தையும் தின்றுவிடும்.

"கணக்குப்படி மூணு" என்று கொக்கு கத்தும்.

"கணக்குப்படி மூணு. வயித்துப்படி அஞ்சு" என்று எருமை சொல்லும்.

அவ்வளவுதான். அதற்கு அவன் பாயில் புரண்டு சிரித்திருக்கிறான். டார்லினைப் பெண் பார்க்கப் போன அன்று அவள் லட்டுத் தட்டை நீட்டினாள். ஒன்றை எடுத்துக்கொண்டு போதும் என்றான். "அது கணக்குப்படி. வயித்துப்படி எத்தனை?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பைய. அவள் எந்த ஊரில், எந்த டிவியில் பார்த்தாள் என்று கேட்பதற்குள் கல்யாணமே நிச்சயமாகிவிட்டது.

இருவரையும் சிரிக்க வைத்த எருமை அவர்கள் பெற்ற பிள்ளையைச் சிரிக்க வைக்காதா?

வெள்ளிக்கிழமை ஒத்திகை. பாளையங்கோட்டையில் அவர்கள் போகிற சபையில் பாதிப் பேர் ஆசிரியர்கள். மீதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சண்டே ஸ்கூல் பொறுப்பு அப்பாத்துரை சாரிடம். கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். மேஜைமேல் மணி வைத்திருப்பார்.

எருமை "வயித்துப்படி அஞ்சு" என்றதும் மணியை அடித்தார்.

"நிறுத்துடே. விடை தப்பு."

"அது தப்பாச் சொல்லும் சார். அதான் சிரிப்பு."

"பிள்ளைக முன்னால தப்பான விடையைப் போட்டுட்டுச் சிரிக்கச் சொல்லுதியா? கொக்கு திருத்தணும். எருமை திருப்பிச் சொல்லணும்."

கீபோர்டு வாசிக்கிற ஷிபின் எழுந்து வந்தான். எஸ்றா வயதுதான்.

"அண்ணே, அது எருமை இல்ல. கழுதை."

"எருமை."

"கழுதைண்ணே. பெரிய பல்லு இருக்கும். கொக்கும் இல்ல, மரங்கொத்தி. தப்பாச் சொன்னா மண்டைல கொத்தும்."

"கொத்தாது. ஒத்தக் கால்ல நிக்கும். நான் தினமும் பாத்தவன்லே."

பாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு அம்மாக்கள் நின்றார்கள். ஒருத்தி, எருமைதான், ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கும் என்றாள். இன்னொருத்தி வாழைப்பழம் இல்லை, கொழுக்கட்டை என்றாள். நாலு பேரும் நாலு விதமாக நடித்துக் காட்டினார்கள். கடைசி வரி மட்டும் நாலு பேருக்கும் ஒன்றாகவே வந்தது. எஸ்றா நடுவில், கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கிறவன் முகத்தோடு நின்றான். கல்லூரி நூலகத்தில் அவனுக்கு வேலை. சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

அப்பாத்துரை மறுபடி மணி அடித்தார்.

"எருமையோ கழுதையோ, சண்டே ஸ்கூலுக்கு எதுக்கு? ஆடாக்கிரு. வேதத்துல எத்தனை ஆடு வருது."

"கொக்கு ஆட்டு மேல நிக்காதே சார்."

"வேதத்துல கழுதையே பேசியிருக்கு. கொக்கு ஆட்டு மேல நிக்காதா? அப்புறம் அந்த வாழைப்பழம். அதை அஞ்சு அப்பமாக்கிரு. கணக்கும் ஆச்சு, வேதமும் ஆச்சு."

எஸ்றா கையில் இருந்த எருமையைப் பார்த்தான். மறுத்தால் நிகழ்ச்சியே போகும். நிகழ்ச்சி போனால் பிள்ளை போகும். "சரி சார்" என்றான்.

வீட்டில் கறுப்புக் காலுறைமேல் பசை தடவிப் பஞ்சு ஒட்டினான். கொம்புகளைப் பஞ்சுக்குள் மறைத்தான். கண்ணாடி முன் நின்று பயிற்சி எடுத்தான். பொம்மை ஆட்டுபவன் சிரித்தால் பொம்மை நடுங்கும். ஸ்டெபி கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

"என்ன சொல்லுதா?" என்று இன்பமணி அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

"நான் அவ கவுனெல்லாம் மடிச்சு வைக்கேன்."

"ஞாயித்துக்கிழமை முடியட்டும் மைனி. திரும்பப் பிரிச்சு அடுக்கணும், வீண் வேலை."

ஞாயிற்றுக்கிழமை மாலை சபை மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ஸ்டெபி. பக்கத்தில் இன்பமணி. எஸ்றா ஒரு கையில் ஆடும் மறு கையில் கொக்குமாக மேஜைக்குப் பின்னால் முழங்காலிட்டான். முன்னால் போர்வை கட்டியிருந்தது. போர்வை சிறியது. அவன் நெற்றியும் கண்ணும் வெளியே தெரிந்தன.

ஆடு எழுந்தது. கொக்கு அதன்மேல் ஏறியது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

வெக்கையாக இருக்கிறதென்று யாரோ மேடை மின்விசிறியைப் போட்டார்கள். ஆட்டின் பஞ்சு பறந்தது. முதலில் கழுத்து கறுத்தது. பிறகு முதுகு. கொக்கு அறிமுகம் சொல்லி முடிப்பதற்குள் ஆடு பாதி எருமையாகியிருந்தது. கொம்பு வெளியே வந்தது. முன்வரிசையில் ஒரு பையன் பஞ்சு மூக்கில் ஏறித் தும்மினான்.

எஸ்றா அசரவில்லை.

"ஆட்டுக்குட்டியே, அஞ்சு அப்பம் இருக்கு. ரெண்டை எடுத்துட்டேன். மீதி எத்தனை?"

ஆடு யோசிப்பதற்குள் மண்டபத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"பன்னிரண்டு கூடை."

அது அவர்கள் படித்தது. வேதத்தில் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிட்ட பிறகு பன்னிரண்டு கூடை மீந்தது. வருடா வருடம் தேர்வில் வரும் கேள்வி. கேள்வித்தாள் தயாரிப்பவர் அப்பாத்துரை.

அவர் எழுந்தார். "பிள்ளைகளே, அஞ்சுல ரெண்டு போனா மூணு."

பின்வரிசையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை எழுந்தார். "அப்ப வேதத்துல உள்ளது தப்புங்கீங்களா சார்?"

"நான் எப்பம்மா தப்புன்னேன்?"

"பன்னிரண்டுன்னு எழுதுன பிள்ளைக்கு போன வருசம் மார்க் போட்டீங்களா இல்லையா?"

"அது வேற கேள்வி."

"அப்பம் அதே அப்பந்தானே" என்றார் இன்னொருவர்.

பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்கள் ஒரு பக்கம் சேர்ந்தார்கள். பைபிள் வகுப்பு எடுப்பவர்கள் மறு பக்கம். மீனைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று ஒருவர் தனியாக ஆரம்பித்தார். அப்பாத்துரை மணியை அடித்தார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் எல்லோரும் குருவானவரைப் பார்த்தார்கள். அவர் இளையவர். இந்தச் சபைக்கு வந்து சில மாதங்கள்தான். மெதுவாக எழுந்து அங்கியைச் சரி செய்தார்.

"ரெண்டும் சரிதான். கணக்குப்படி மூணு. விசுவாசத்தின்படி பன்னிரண்டு."

மண்டபம் அமைதியானது. அந்த அமைதிக்குள் மேஜைக்குப் பின்னாலிருந்து, பொட்டுப் பஞ்சுகூட இல்லாத எருமை வாய் திறந்தது.

"வயித்துப்படி அஞ்சு."

மண்டபம் ஒரு நொடி விழித்தது. பிறகு இடிந்து விழுவது போலச் சிரித்தது. ஷிபின் கீபோர்டு மேலேயே கவிழ்ந்தான். குருவானவர் அங்கியால் வாயைப் பொத்தினார். அப்பாத்துரை சாரின் தோள்கள் குலுங்கின. கையிலிருந்த மணி தானாகவே அடித்தது. இன்பமணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எஸ்றா போர்வைக்கு மேலாக முன்வரிசையைப் பார்த்தான்.

ஸ்டெபி உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அவள் எருமையைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூவரும் வீடு திரும்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே இன்பமணி சொன்னாள்.

"ஊரே சிரிச்சிட்டு தம்பி. நான்லாம் வயித்து வலியோட சிரிச்சேன். இதுக்கும் சிரிக்கலேன்னா பிள்ளை மனசுல என்னமோ இருக்கு."

"சரி மைனி."

"உங்க மேல தப்பு சொல்லல."

"சொன்ன சொல் சொன்னதுதான். காலைல பள்ளிக்கூடத்துக்குப் போவோம்."

அன்று அவன் எருமையைக் கழுவிக் கொடியில் போட்டான். பசை போகவில்லை.

திங்கட்கிழமை காலை மூவரும் போனார்கள். பள்ளி வாசலைத் தாண்டியதும் ஸ்டெபி அவன் கையை விட்டுவிட்டு வகுப்பை நோக்கி ஓடினாள். எஸ்றாவும் இன்பமணியும் அலுவலக வராண்டாவில் நின்றார்கள். சட்டைப்பையில் டி.சி. கேட்டு எழுதிய விண்ணப்பம் இருந்தது.

மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ ஒரு வகுப்பு அமர்க்களப்பட்டது. மேஜையைத் தட்டுகிற சத்தம், பிள்ளைகள் கெக்கலிக்கிற சத்தம், நடுவில் ஒரு கீச்சுக் குரல். அது என்ன சொன்னதென்று கேட்கவில்லை. ஒவ்வொரு முறை அது பேசி முடித்ததும் வகுப்பு மறுபடி வெடித்தது.

வகுப்பாசிரியை முஃபீதா வேகமாக வெளியே வந்தார். கையில் டஸ்டர். முகம் சிவந்திருந்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு, நீங்களே வந்துட்டீங்க. உங்களை வரச் சொல்லி டைரில எழுதணும்னு இருந்தேன் சார்."

"நாங்க டி.சி. விஷயமா..." என்று எஸ்றா விண்ணப்பத்தை எடுத்தான்.

"அதை அப்புறம் பேசுவோம். மொதல்ல உங்க பொண்ணைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க. என்னால பாடம் நடத்த முடியல. இப்ப கேக்குதே, அது அவ சத்தந்தான். ஏதோ எருமை, கொக்குன்னு நடிச்சுக் காட்டுதா, தானும் சிரிச்சு, மத்த பிள்ளைகளையும் உருள வைக்கா. இன்னைக்கு எருமை, வருசம் பூரா இப்படி ஏதாவது ஒண்ணு."

இன்பமணி எஸ்றாவைப் பார்த்தாள். எஸ்றா வகுப்பைப் பார்த்தான்.

"எங்க ஸ்டெபியா?" என்றாள் இன்பமணி.

"அவளேதான். இந்தச் சிரிப்பையெல்லாம் வீட்டுல வச்சுச் சிரிச்சிட்டு வரக் கூடாதான்னு இப்பத்தான் அதட்டினேன். 'வீட்டுல எப்படி மிஸ் சிரிக்க? அங்க எங்கப்பா இன்னும் சிரிக்க ஆரம்பிக்கலையே'ங்கா."