ஏழு பங்கு சரி, மூன்று பங்கு தவறு

ஒரு காட்டில் ராஜா கிடையாது. மிருகக் கதைகளின் மூலநூல்கள் அனைத்தும் ராஜா உண்டென்றே அடித்துச் சொல்வதால் இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். அங்கே தலைவர் மட்டுமே உண்டு. அவரும் சிங்கம்தான் என்பது தற்செயல்.

பத்து ஆண்டுகளுக்கு முன் அங்கே ‘மகா உலுக்கல்’ நடந்தது. கூர்மை என்பது தனியுடைமை என்று கண்டறிந்து, கொம்பு, முள், தந்தம் எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். (சிங்கத்தின் பற்கள் பொதுச்சொத்தாக அறிவிக்கப்பட்டு, பாதுகாப்பு கருதி அதன் வாயிலேயே விடப்பட்டன.)

பிறகு, உலுக்கலை மதிப்பிட ஒரு குழு அமைந்தது. இரண்டு ஆண்டு யோசித்து, ‘ஏழு பங்கு சரி, மூன்று பங்கு தவறு’ என்று அறிக்கை தந்தது. எது சரி, எது தவறு என்று எழுத மறந்துவிட்டது. ஆகவே, தமக்கு நடந்தது தவறு என்று சான்றிதழ் கேட்டு மனு கொடுக்க வந்த பத்துப் பேரில் முதல் மூவர் தவறு, மீதி எழுவர் சரி என்று கவுன்ட்டரில் இருந்த கொக்கு முடிவுசெய்தது.

முள்ளம்பன்றி நான்காவதாக நின்றது. அதன் குட்டிக்கு அப்போதுதான் முள் முளைக்கத் தொடங்கியிருந்தது. தாய்க்கு நடந்தது தவறு என்று சான்றிதழ் கிடைத்தால் குட்டி தப்பும். இல்லாவிட்டால், கூர்மைப் பரம்பரை என்று அதன் முள்ளையும் பிடுங்குவார்கள்.

மூன்றாவதாக நின்றது நரி.

“நீ எதுக்குடா இங்க நிக்கிற? என் முள்ளைப் பிடுங்கினதே நீதானே!” என்றது முள்ளம்பன்றி.

“ஆமாக்கா. பிடுங்கும்போது உள்ளங்கையில குத்திடுச்சு. மழை பெஞ்சா இன்னும் வலிக்குது. நானும் பாதிக்கப்பட்டவன்தான்.”

கொக்கு தழும்பைப் பார்த்து நெகிழ்ந்து முத்திரை குத்தியது. “தோழர் நரிக்கு நேர்ந்தது தவறு. அடுத்து!”

“எனக்கு, தோழர்?”

“உங்களுக்கு நடந்தது சரிம்மா.”

“எனக்குப் போனது நானூறு முள்ளு! அவனைக் குத்தினது ஒண்ணே ஒண்ணு!”

“மூணு தவறும் தீர்ந்துபோச்சும்மா. அடுத்த உலுக்கலுக்கு அப்புறம் சீக்கிரமா வாங்க.”

பாதிக்கப்பட்டவருக்குப் பழைய வேலையைத் திரும்பத் தர வேண்டும் என்பது விதி. நரிக்கு அன்று மதியமே தந்துவிட்டார்கள். அது தன் முதல் கோப்புடன் நேராக முள்ளம்பன்றியின் வளைக்கு வந்தது. முள்ளம்பன்றி குட்டியைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டது.

“பயப்படாதீங்கக்கா,” என்றது நரி கனிவாக. “பழைய தவறு இனி நடக்காது. கையுறை போட்டிருக்கேன்.”

நீதி: புரட்சியில் எந்தப் பக்கம் நின்றாலும் பாதகமில்லை, அதை மதிப்பிடும் நாளில் வரிசையின் முதல் மூவருக்குள் நில்.