மூன்றாம் மாடி ஆவியும் செவெரினின் தொண்டையும்

"சார், அழுதீங்களா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளன் மீரெக் கேட்டான்.

"யாரு? நானா? தூசி" என்றார் செவெரின்.

"தூசி கண்ணுல விழும். உங்களுக்குக் குரல்ல விழுந்திருக்கு. திரும்ப எடுப்போம்."

இது சாதாரண விஷயமில்லை. போலந்துத் தலைநகர் வார்சாவில் வெளிநாட்டுத் தொடர் எதுவானாலும் அடியில் அசல் குரல்கள் முணுமுணுக்க, மேலே ஒரே ஒரு ஆள் எல்லோருடைய வசனத்தையும் வாசிப்பார். காதலி, கொலைகாரன், பள்ளிக்கூடத்துப் பெண் எல்லாம் அவரேதான். ரயில் வரும் நேரத்தை அறிவிப்பதுபோல் வாசிக்க வேண்டும். உணர்ச்சி காட்டினால் ஜனங்களுக்குப் பிடிக்காது; அதற்குத்தான் நடிகர்கள் இருக்கிறார்களே! செவெரின் இருபத்தெட்டு வருஷம் உணர்ச்சியே இல்லாமல் இருந்து பேர் வாங்கியவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அதற்குள் குரல் நடுங்கினால் வேலை போய்விடும்.

இத்தனைக்கும் அந்தத் தொடர் அவருக்குப் பிடிக்கவே இல்லை. கொரியாவிலிருந்து வந்த 'பேய் இலாகா'வை ஒன்பது வருஷம் வாசித்தவர் அவர். பேய்களைப் பிடித்துக் கோப்பில் போடும் அலுவலகத்தின் கதை. அது முடிந்ததும் கிளைத் தொடராக 'மூன்றாம் மாடி' வந்து சேர்ந்தது. அந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் துணி துவைக்கும் ஒரு பெண் ஆவிதான் நாயகி. மூலத் தொடரில் மொத்தமே இரண்டு தடவை கதவோரம் வந்து நின்றவள்.

"நாளைக்கு அந்த ஆபீஸ் மேஜைக்கும் தனித் தொடர் எடுப்பானுங்க" என்று முதல் வாரம் பொருமினார். அடுத்த இரண்டு வாரம் ஒரு கண்ணால் வசனத்தையும் மறு கண்ணால் குறுக்கெழுத்தையும் பார்த்தார்.

நாலாவது வாரம் மொழிபெயர்ப்பாளர் பொக்னா பக்கங்களைத் தாமதமாகக் கொண்டுவந்தாள். அச்சடித்த சூடு ஆறாத காகிதம். அதில் ஆவி சொன்னாள்: "உயிரோட இருந்தப்பவும் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடலை. இப்பவும் 'மூணாம் மாடி'ன்னுதான் சொல்றாங்க."

"பரவாயில்லையே" என்றார் செவெரின்.

ஐந்தாவது வாரம் அரை மணி முன்னதாகவே வந்து உட்கார்ந்தார். ஆறாவது வாரம் குறுக்கெழுத்தை வீட்டிலேயே வைத்துவிட்டார். ஏழாவது வாரம்தான் இந்தக் கண்ணீர். ஆவி ஒரு வாளியையே பார்த்தபடி, சின்ன வயசில் கிறிஸ்துமஸுக்கு உயிரோடு வாங்கிய கெண்டை மீனைக் குளியல் தொட்டியில் விட்டதையும், அதற்குப் பேர் வைத்ததையும், பேர் வைத்த மீனை அம்மா வறுத்ததையும் சொன்னாள். போலந்தில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான் அது; செவெரின் வீட்டிலும் நடந்தது. அவர் வீட்டு மீனுக்கு ஸ்டாஷெக் என்று பேர்.

"கொரியாக்காரன் வீட்லயும் குளியல் தொட்டில மீனு! பாத்தியா மீரெக், மனுஷ மனசு எங்க போனாலும் ஒண்ணுதான்!"

"மனசு கிடக்கட்டும். குரலைச் சரிபண்ணுங்க."

செவெரின் தொண்டை மாத்திரை ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு வாசித்தார்.

"இப்ப அழுதுக்கிட்டே சாப்பிடற மாதிரி இருக்கு" என்றான் மீரெக்.

இரண்டாவது மாத்திரைக்கு விக்கல் வந்தது. மீரெக் நொந்துபோய்க் காபி போடப் போனான். அந்த இடைவெளியில் செவெரினுக்கு ஒரு யோசனை தோன்றியது. திரையைப் பார்த்தால்தானே அழுகை? பதிவுக் கருவியைத் தட்டிவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கடகடவென்று வாசித்து முடித்தார். துளி நடுக்கமில்லை.

வெள்ளிக்கிழமை ஒளிபரப்பானபோதுதான் தெரிந்தது, வாசிப்பு ஒரு வசனம் முந்திப் போயிருந்தது. மீசைக்காரத் தலைமை அதிகாரி மேஜையைக் குத்தி, "என் ஈரப் பாவாடையை யாரு எடுத்தது?" என்று கர்ஜித்தார். அதற்கு ஆவி வெட்கத்தோடு தலையைக் குனிந்து, "இவரை உடனே சஸ்பெண்ட் பண்ணுங்க!" என்றாள்.

திங்கட்கிழமை நிர்வாகி வாண்டா கூப்பிட்டனுப்பினாள்.

"இருபத்தெட்டு வருஷத்துல இப்படி ஒரு கூத்து நடந்ததில்லை, செவெரின். அந்தத் தொடரை இந்த வாரத்தோட நிறுத்தறேன். உங்களுக்கு வேற ஏதாவது தர்றேன். தோட்டக்கலை, மீன்பிடி, இந்த மாதிரி."

மன்னிப்புக் கேட்டு, நன்றி சொல்லிவிட்டு வரத்தான் அவர் போயிருந்தார். ஆனால் அந்த ஆவிப் பெண் கடைசிவரை பேரில்லாமலே போய்விடுவாளே என்று நெஞ்சு பதறியது. கை தானாக மேஜைமேல் இறங்கியது.

"அவளை நிறுத்தினா நானும் போறேன்! இந்த மாதிரி எழுத்து நம்ம சேனல்ல வந்ததே இல்லை! பென்ஷனாவது மண்ணாங்கட்டியாவது!"

சத்தமே போடாத மனிதர் இப்படிக் கத்துகிறாரே என்று வாண்டா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு நேயர் கடிதக் கட்டைப் பிரித்தாள். பாதிப் பேர் பாவாடைக்காகத் திட்டியிருந்தார்கள். மீதிப் பேர் கெண்டை மீனுக்காக அழுதிருந்தார்கள்.

"சரி, நிறுத்தலை" என்றாள். "பெரிசாவே செய்வோம். வர்ற மாசம் அரங்கத்துல ஆயிரம் பேர் முன்னால அந்த மீன் காட்சியைப் போடுவோம். நீங்க மேடையில நேரா வாசிக்கணும். கொரியாவிலேருந்து எழுத்தாளரையே வரவழைக்கிறேன். அந்த வசனம் எப்படித் தோணுச்சுன்னு அவர் உங்க பக்கத்துல உக்காந்து சொல்லட்டும். சொதப்புச்சுன்னா, நீங்களே சொன்ன மாதிரி, கிளம்பிட வேண்டியதுதான்."

"கிளம்பறேன்!" என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்தார் செவெரின்.

வராந்தாவில் பொக்னா எதிரே வந்தாள், கையில் எட்டாவது வாரப் பக்கங்கள். செவெரின் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

"அவர் வரட்டும் பொக்னா. என் கூடவே வளந்தவர் மாதிரி எழுதியிருக்காரே! அதை எழுதின கைக்கு ஒரு முத்தம் குடுத்துட்டுத்தான் மறுவேலை!"

பொக்னாவின் முகம் வெளுத்துப்போயிற்று. காகிதங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"அப்ப இங்கேயே குடுத்துடுங்க சார். நாலாவது வாரத்திலேருந்து கொரியாக்காரங்க இங்கிலீஷ் வசனம் அனுப்பவே இல்லை, எனக்குக் கொரிய பாஷை ஒரு வார்த்தை தெரியாது, வாயசைவைப் பார்த்து நான்தான் எழுதிக்கிட்டிருக்கேன்."