கோடிச் சேலையும் ஏரோப்ளேன் காற்றும்

பாளையங்கோட்டை,
கார்த்திகை, 1996

அன்புத் தம்பி குமரகுருபரனுக்கு, அண்ணன் ஆவுடைநாயகத்தின் ஆசீர்வாதம். நெல்லையப்பர் புண்ணியத்தில் இங்கே அக்காவைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் விஜயஸ்ரீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீ மட்டும் அப்படி இருக்கக் கூடாது என்று நேற்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அக்கா ஞானம்பாள் வள்ளியூரில் காலமான தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். பம்பாயிலிருந்து உடனே வந்து சேர முடியாது, அது புரிகிறது. ஆனால் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற நான் ஏன் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று ஊரே கேட்கிறது. நீ கொடுத்த காரால்தான். சரியாகச் சொன்னால், அதன் சக்கரத்துக்குள் நீ அடைத்துக் கொடுத்த காற்றால்.

போன சித்திரையில் உன் பழைய ஃபியட்டை என் தலையில் கட்டியபோது என்ன சொன்னாய்? "அண்ணே, நாலு டயர்லயும் எங்க ஏர்போர்ட் ஒர்க்‌ஷாப் நைட்ரஜன் அடிச்சிருக்கேன், ஏரோப்ளேனுக்கு அடிக்கது. இதோட சும்மா காத்தைக் கலந்துராதீங்க" என்றாய். நான் தாலுகா ஆபீஸில் தலை நரைத்தவன். கூடாது என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் ஏன் என்று கேட்கிற பழக்கம் கிடையாது. எதிர்வீட்டு சயின்ஸ் வாத்தியார் வைத்தீஸ்வரன், "நாம இழுக்கிற மூச்சுலயே அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன்தான்" என்றார். "மிச்சம் ஒரு பங்கு என்னத்துக்கு வே இருக்கு, கெடுக்கத்தானே?" என்று கேட்டேன். துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அக்கா போன அன்று காலையில் வள்ளியூரிலிருந்து போன் வந்தது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்த பிறகுதான் குளிப்பாட்டி எடுப்போம், ஆனால் பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும் என்றார் அத்தான். உன் மதினி பிருந்தா பஸ்ஸில் போய்விடலாம் என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அக்காவின் நாத்தனார் உலகம்மாள், "உன் பொறந்த வீட்டு ஆளுவ பஸ் டிக்கெட்டக் கையில வச்சிக்கிட்டுல்லா சீர் கொண்டு வாராவ" என்று கல்யாணமான நாளிலிருந்து அவளைக் குத்திக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாதா? கார் வந்த அன்று அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "எனக்குக் கோடியாவது கார்ல வரட்டும்லே" என்று சிரித்தாளே, அதுவும் மறந்துவிட்டதா? அதனால் அவளுக்குப் பிடித்த மாம்பழ நிறத்தில் சேலை எடுத்து, தாம்பாளத்தில் வைத்து, பிருந்தா மடியில் கொடுத்து, மத்தியானத்துக்கு மேல் காரில்தான் கிளம்பினேன்.

மூன்றடைப்பு தாண்டியதும் வண்டி இடது பக்கம் சாய ஆரம்பித்தது. உருட்டிக்கொண்டே நாங்குநேரி போய், காஜா முகைதீன் பஞ்சர் கடையில் நிறுத்தினேன்.

"பஞ்சர்லாம் இல்ல அண்ணாச்சி, காத்துதான் கொறஞ்சிருக்கு. இந்தா அடிச்சித் தாரேன்."

"நைட்ரஜன் இருக்கா?"

"அதுக்கு நான் எங்கன போவேன்? இங்கன காத்துதான் உண்டு."

"அப்போ வேண்டாம்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "கோடியக் கையில வச்சிக்கிட்டு என்ன பேச்சு பேசுதீய? அடிச்சிட்டுப் போங்க, பொறவு எறக்கிக்கிடலாம்."

"கலந்து வெடிச்சா கோடிய யாரு கொண்டுபோவா?" என்றேன். பிருந்தா என்னமோ சொல்ல வாயைத் திறந்தாள். "நீ பேசாம இரு" என்றேன். இருந்தாள்.

டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது, அதில் சும்மா காற்று. மூன்று சக்கரம் ஏரோப்ளேனும் ஒரு சக்கரம் மாட்டுவண்டியுமாக எப்படிப் போவது? பைய உருட்டினேன். வள்ளியூர் பஸ்ஸெல்லாம் ஆரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போச்சு, சைக்கிள்காரன் ஒருத்தன் திரும்பிப் பார்த்துச் சிரிச்சிட்டுப் போனான், வெயில் மேற்கே சரிஞ்சிட்டு, கடைசியில டயர் கிழிஞ்சு வண்டி நடுவழியில உட்கார்ந்தே போச்சு. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கடைசியில் பஸ்ஸில்தான் ஏறினோம். உட்கார இடம் கிடைக்கவில்லை.

போய் இறங்கினபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் ஈரத் தலையோடு உலகம்மாள் நின்றாள். "எம்புட்டு நேரம் பாக்க? பொறந்த வீட்டுக் கோடியையும் நாங்களே கடையில எடுத்துப் போட்டு அனுப்பிட்டோம்" என்றாள். என் கையில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தாள். "கடைசிக்கும் பஸ்ஸுதானா?" என்றாள். சுடுகாட்டுக்கு ஓடினேன். தீ வைத்துவிட்டார்கள். யாரோ வாங்கின சேலையில் அவள் போய்விட்டாளே தம்பி.

இதற்கு நீ பதில் சொல்ல வேண்டும். பதினாறாம் நாளுக்கு வரும்போது உன் காரை இழுத்துக்கொண்டு போய்விடு. அதற்குப் பிறகு எனக்குத் தம்பி கிடையாது. அங்கே மழை என்று பேப்பரில் போட்டிருக்கிறான், நனையாதே. விஜயஸ்ரீக்கு ஆசிகள். காந்திமதி அம்மை உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
ஆவுடைநாயகம்

பி.கு.: தபாலில் போடுமுன் இதை பிருந்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். ஆடி மாதம் நான் திருச்செந்தூர் போயிருந்தபோது நாலு சக்கரமும் இறங்கிக் கிடக்க, பக்கத்து வீட்டு சிவசண்முகத்தை விட்டு பெட்ரோல் பங்கில் காற்று அடித்து வைத்திருக்கிறாள். சத்தம் போடுவேன் என்று பயந்து என்னிடம் சொல்லவில்லையாம். நாங்குநேரியில் சொல்லத்தான் வாயைத் திறந்தாளாம். ஆகவே மேலே உன்னைப் பற்றி எழுதியதையெல்லாம் வாசிக்காததாக வைத்துக்கொள். சேலை பீரோவில் இருக்கிறது. ஆடியிலிருந்து அந்த வண்டி ஓடினதும் சும்மா காற்றில்தான், காஜா முகைதீன் அடிக்க வந்ததும் அதே காற்றுதான். அடித்துக்கொண்டு போயிருந்தால் அக்கா முகத்தைப் பார்த்திருப்பேன்.