கொம்பு வைத்த கிட்டார்

கிட்டாரின் கொம்பு ஒன்று கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மைக்கேல்ராஜ் அதை உள்ளே தள்ளினார். மறுபக்கம் அடுத்த கொம்பு வெளியே வந்தது. அறுபது வருடங்களுக்கு முன் ஜப்பானில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார். செய்தவர் எந்த ஆட்டைப் பார்த்துச் செய்தாரோ, நெட்டையாக ஒன்றும் குட்டையாக ஒன்றுமாய் இரண்டு கொம்புகள். இடுப்பில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஆரப்பாளையத்துப் பழைய சாமான் கடையில் அதைப் பார்த்ததும் மனசு நழுவி, நேற்று வாங்கிவிட்டார்.

சிக்கல், மனைவி ஞானம். இருவருக்கும் ஒரே மிஷன் பள்ளியில் ஆசிரியர் வேலை. பெண் பார்க்கப் போன அன்றைக்கே, பாட்டு கூத்தெல்லாம் வீட்டுக்கு ஆகாது என்று இவருடைய அம்மா சொல்ல, "எனக்குப் பாட்டுன்னாலே தலைவலி" என்று சொல்லிவிட்டவள். அதன்பிறகு மைக்கேல்ராஜ் குளிக்கும்போதுகூட விசிலடித்ததில்லை.

காய்கறிப் பையோடு உள்ளே வந்த ஞானம் கொம்பைப் பார்த்தாள். பை நழுவி, தக்காளி நாலாபக்கமும் உருண்டது.

"இது எப்படிங்க இங்க வந்துச்சு?"

"அசோக்குமாரோடது. வச்சிருக்கச் சொன்னான்."

அசோக்குமார் ஆட்டோ ஓட்டுகிற சிநேகிதன். ஞானம் அப்போதே அவனைப் போனில் பிடித்தாள்.

"கிட்டாரா? நான் ஹாரனைத் தவிர எதையும் வாசிச்சதில்லையே தங்கச்சி."

மைக்கேல்ராஜ் போனைப் பிடுங்கினார். "உன் பொறந்தநாளுக்கு வாங்குனதுடா. அதுக்குள்ள கெடுத்துட்டியே."

"எனக்கா மாப்ள? இந்தா வாரேன்."

வந்தவன் ஓட்டைக்குள் கைவிட்டு, சூட்கேஸைப் போல அதைத் தூக்கினான்.

"பொறந்தநாளு மார்கழியிலதான். பரவால்ல. ஆட்டோவுக்கு முன்னாடி மாட்டி, ரெண்டு கொம்புக்கும் எலுமிச்சம்பழம் சொருகுனா எம்புட்டு அம்சமா இருக்கும்."

மைக்கேல்ராஜ் குறுக்கே பாய்ந்தார். "தொடாத மாப்ள, ஷாக் அடிக்குது. ரிப்பேர் பாத்துத் தாரேன்."

"அதெல்லாம் அடிக்காதுண்ணே," என்றாள் ஞானம் சட்டென்று. இருவரும் திரும்பிப் பார்த்ததும், "பாத்தா அப்படித் தெரியலன்னு சொன்னேன்" என்று தக்காளி பொறுக்கக் குனிந்துகொண்டாள்.

"எதுக்கு வம்பு? வாங்குன கடையிலயே காட்டிருவோம்," என்றான் அசோக்குமார். ஆரப்பாளையம் என்று மைக்கேல்ராஜ் சொன்னதும் ஞானத்திடம் திரும்பினான். "தங்கச்சி, நீயும் ஏறு. இன்னிக்குச் சர்ச்சுல மாதர் கூட்டமாச்சே, அந்தக் கடையைத் தாண்டித்தான."

"நான் நடந்தே போறேன்ணே."

"இம்புட்டுத் தூரமா? ஏறும்மா."

பின்சீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் கிட்டார் உட்கார்ந்து வந்தது. ரிப்பேருக்கு ஆறு மாதம் ஆகும் என்று சொல்லும்படி கடைக்காரர் நல்லகாமனின் காதில் போட்டுவிட வேண்டும் என்பது மைக்கேல்ராஜின் திட்டம். ஞானமோ ஆரப்பாளையம் வந்ததுமே, வானம் மூட்டமாகக் கிடக்க, வெயில் தாங்கவில்லை என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆட்டோ நின்றது. மைக்கேல்ராஜ் இறங்குவதற்குள் நல்லகாமனே வெளியில் வந்துவிட்டார். கிட்டாரைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் இருந்த முந்தானையைக் குனிந்து உற்றுப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்:

"என்னக்கா, வீட்டுக்காரருக்குத் தெரியாம அம்மா வீட்டுல ஒளிச்சு வச்சு வாசிச்சது போதும்னு வித்துட்டுப் போனீக, மனசு கேக்கலையா?"