பிள்ளையாருக்குப் பின்னால் இருந்த பெட்டி

அளவுக்கு மிஞ்சி எச்சரிக்கையாக இருக்கிறவனை நம்பி யாரும் காரில் ஏறக்கூடாது. ஊதாரி தன்னை மட்டும்தான் கெடுப்பான். எச்சரிக்கைக்காரன் வீட்டுச் சனத்தையும் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுப்பான். இதை நான் எந்தப் பெரியவரிடமும் கேட்டு அறியவில்லை. அந்த எச்சரிக்கைக்காரன் நான்தான்.

பாரிஸில், லா சப்பலில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை. வீடு பொண்டியில். வேலைக்கு வர ரெயின் இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஆனாலும் ஒரு பழைய காரை வாங்கி வைத்துக்கொண்டு, அதை நிறுத்த இடம் தேடித் தினமும் முக்கால் மணித்தியாலம் சுற்றிக்கொண்டிருந்தேன். (வசதி வந்தால் இப்படித்தான்.) இங்கே பெர்மி, அதாவது சாரதிப் பத்திரம், எடுத்தவனுக்கு முழுதாக இருந்தால் பன்னிரண்டு புள்ளி. வேகமாக ஓடி ரோட்டோர ராடாரில் பிடிபட்டால் புள்ளி கழியும். புள்ளி எல்லாம் போனால் பெர்மியும் போகும். எனக்கு அப்போது மிச்சம் நாலு.

ஒவ்வொரு முறை பிடிபடும்போதும் வீட்டுக்குக் கடிதம் வரும். அதை என் மனைவி உடைத்து, நான் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து வாசிப்பாள்.

"இந்த முறை ஐம்பத்தெட்டிலை போனியளாம். வீட்டிலை ஒரு வேலை சொன்னா இந்த வேகத்திலை எழும்பினதை நான் ஒரு நாளும் காணேல்லையே!"

அந்தக் கவலையில் இருந்த நேரம்தான் லண்டனிலிருந்து சித்தப்பாவின் மகன் குகன் வந்தான். ராடார் இருப்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். லண்டன் சாமான் என்றால் எங்களுக்குக் கேள்வி இல்லை. தேயிலை முதல் தலையிடி மருந்து வரை அங்கிருந்து வந்தால்தான் வேலை செய்யும் என்பது பாரிஸ் தமிழனின் நம்பிக்கை.

"அண்ணை, அங்கை இதுக்குப் பிரச்சினை இல்லை. இஞ்சை பிடிச்சால் கரைச்சல் எண்டு சொல்லுகினம். கவனம்," என்றான்.

கவனம் என்றதை, நன்றாக மறைத்து வை என்று நான் எடுத்துக்கொண்டேன். காரின் முன்பக்கம் ஒட்டியிருந்த பிள்ளையாருக்குப் பின்னால் பெட்டியை வைத்தேன். கடையில் தொங்கிய பிளாஸ்ரிக் மல்லிகை மாலை ஒன்றை வாங்கி இரண்டையும் சேர்த்துச் சுற்றினேன். வெளியே பார்ப்பவனுக்குப் பக்தி மட்டுமே தெரியும். அன்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அதற்குப் பிறகு மெச்சச் சந்தர்ப்பம் வரவில்லை.

அந்தப் பெட்டிக்கு மூன்று தெரிவு உண்டு. ஹைவேயில் வைத்தால் காது முழுவதையும் திறந்துகொண்டு எங்கேயோ இருக்கும் ராடார் அலைக்கும் கத்தும். சிட்டியில் வைத்தால் பாதிக் காதைப் பொத்திக்கொள்ளும். ஓட்டோவில் வைத்தால் கார் போகிற வேகத்தைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். குகன் ஓட்டோவில் வைத்துத் தந்து, "இதிலை மட்டும் கை வைக்காதேங்கோ," என்றான். அப்படி ஒருவன் சொன்ன பிறகு கை வைக்காமல் இருக்கிற பரம்பரையா நாங்கள்? அவன் லண்டன் பஸ் ஏறியதும் ஹைவேக்கு மாற்றினேன். முழுக் காது இருக்கும்போது அரைக் காதோடு எதற்குப் போகவேண்டும்?

மறுநாள் லா சப்பலுக்குள் நுழைந்ததும் பிள்ளையார் கத்தத் தொடங்கினார். மருந்துக் கடைக்கு முன்னால் கத்தினார். சுப்பர்மார்க்கெட்டுக்கு முன்னால் கத்தினார். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. அட, இவ்வளவு இடத்தில் ராடாரை ஒளித்து வைத்திருக்கிறார்களே! அன்று கடைக்கு வந்த சனத்துக்கெல்லாம், "சுப்பர்மார்க்கெட் வாசலிலை ராடார் பூட்டியிருக்கிறாங்கள், மெல்லமாப் போங்கோ," என்று இலவச ஆலோசனை சொன்னேன். இரண்டு பேர் எனக்கு நன்றிகூடச் சொன்னார்கள்.

பின்னேரம் குகனுக்குப் போன் அடித்துப் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரித்து முடிக்கச் சில நிமிடம் எடுத்தது.

"அண்ணை, அது தானாத் திறக்கிற கதவு. அதுக்கும் ராடார் அலைதான். புதுக் காருகளும் பக்கத்திலை ஆர் வருகினம் எண்டு பாக்க இதே அலையைத்தான் விடும். நீங்கள் எதிலை வைச்சிருக்கிறியள்?"

"ஓட்டோவிலைதான்," என்றேன். (பொய்.)

அன்றிரவே சிட்டிக்கு மாற்றினேன். பெட்டி அடங்கிப் போனது. இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. அதுவும் எனக்குச் சரிவரவில்லை. குரைக்காத நாயைக் காவலுக்குக் கட்டியவனுக்கு நித்திரை வருமா? மூன்றாம் நாள் திரும்பவும் ஹைவே.

இதோடு நின்றிருந்தால் எனக்கு விசரன் என்ற பெயரோடு போயிருக்கும். அத்தானின் அம்மா பாரிஸ் வந்தது இந்த நேரத்தில்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். குடும்பம் செவ்ரானில். அகதியாக வந்தவர், அந்தக் காகிதத்தோடு இலங்கைக்குத் திரும்பிப் போக முடியாது. தாயைக் கண்டு பத்தொன்பது வருடம். அந்த மாமிக்கு இரண்டு தரம் விசா மறுத்து, மூன்றாம் தரம்தான் மூன்று மாதத்துக்குக் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து அத்தான் வேறு கதை பேசவில்லை. மாசி மாதக் குளிர் என்று நீல நிறத்தில் ஒரு மாண்டோ, குளிருக்குப் போடுகிற நீளக் கோட்டு, வாங்கி வைத்திருந்தார். தாயின் அளவு தெரியாமல், கடையில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவியைப் போட்டுப் பார்க்கச் சொல்லி வாங்கினாராம்.

"தம்பி, வாசல் கதவு திறக்கேக்கை அம்மா காணுற முதல் முகம் என்ரையா இருக்கவேணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்," என்றார்.

அக்காவும் பிள்ளைகளும் செவ்ரானிலிருந்து ரெயினில் எயார்போட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கால் மணித்தியாலப் பயணம். அத்தானும் வேலை முடிந்து நேரே ரெயினில் போவதாகத்தான் இருந்தார். லா சப்பலிலிருந்து ஸ்டேசனுக்குப் பத்து நிமிட நடை, பிறகு அரை மணித்தியாலம். நான் விட்டேனா?

"என்ன அத்தான் கதைக்கிறியள்! பத்தொன்பது வரியத்துக்குப் பிறகு பெத்த தாய் வாறா. ரெயினிலை இடிபட்டோ கூட்டிக்கொண்டு வரப்போறியள்? சனம் என்ன சொல்லும்? நான் கார் கொண்டு வாறன்."

அத்தான் தயங்கினார். "உன்ர புள்ளி..."

"அதுக்கெல்லாம் ஆள் வைச்சிருக்கிறன்," என்று பிள்ளையாரைக் காட்டினேன்.

விமானம் இரண்டரைக்கு. ஒன்றரைக்குப் புறப்பட்டோம். அத்தான் கோட்டு, சூட்டு. மடியில் மாண்டோ. வழி நெடுக ஒரே கேள்வி.

"தம்பி, முதல்ல காலிலை விழுறதோ, கட்டிப்பிடிக்கிறதோ?"

"காலிலை விழுங்கோ."

"அங்கை சனமெல்லாம் பெட்டி தள்ளிக்கொண்டு வருமடா. என்னை ஏத்திப்போடுங்கள்."

"அப்ப கட்டிப்பிடியுங்கோ."

"கட்டிப்பிடிச்சு எங்களுக்குப் பழக்கமில்லையே," என்றார், உண்மையான கவலையோடு.

பெரிய சாலையில் ஏறினோம். ஏறிய நிமிடத்திலேயே பெட்டி கத்தியது. நான் பிரேக்கில் ஏறினேன். தொண்ணூறில் போனவன் ஐம்பதுக்கு வந்தேன். பின்னால் வந்த லொறி என் பரம்பரையையே திட்டுவதுபோல் ஹோர்ன் அடித்தது. பத்துச் செக்கனில் திரும்பவும் கத்தல், திரும்பவும் பிரேக். எங்களைக் கடந்து போன புதுக் காருகள் எல்லாம் அலையைத் தெளித்துக்கொண்டு போக, முழுக் காதோடு இருந்த பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மாலைக்குள்ளிருந்து சிவப்பு லைற் மின்ன மின்னப் பிள்ளையார் அலறினார்.

"தம்பி, அதை நிப்பாட்டு."

"இல்லை அத்தான், இது எங்களுக்காகத்தான் கத்துது."

"எங்களுக்காகவோ? எனக்கு நெஞ்சு அடைக்குது. நிப்பாட்டு எண்டுறன்!"

நிப்பாட்டியிருக்கலாம். ஒரு பொத்தானை அமர்த்தி ஓட்டோவில் போட்டிருந்தாலும் போதும். நாலு புள்ளியை நினைத்து நான் இன்னும் அழுத்திப் பிரேக் பிடித்தேன்.

இரண்டு பொலிஸ் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். அடுத்த வெளிவழியில் இறக்கி ஓரம் கட்டச் சொன்னார்கள். நான் வேகமாக ஓடியதற்கு நிறுத்தவில்லை. நல்ல வெளிச்சத்தில், வெறும் ரோட்டில், பேய் கண்டவன்போல் பிரேக் பிடித்ததற்காக நிறுத்தினார்கள்!

"ஏன் திரும்பத் திரும்பப் பிரேக் பிடிக்கிறீர்கள்?" என்று ஒருவர் பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டார்.

"நான் கவனமாக ஓடுகிறவன்," என்றேன்.

அந்த நேரம் பக்கத்தால் ஒரு புதுக் கார் போனது. பிள்ளையார் வாய்விட்டுக் கத்தினார். பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார்.

"உங்கள் கடவுள் ஏன் சத்தம் போடுகிறார்?"

"பூசை நேரம்," என்றேன். கடவுளே, என் வாயில் வேறு ஒன்றுமே வரவில்லை. அத்தான் மாண்டோவில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அந்த மனிதர் பிள்ளையாரில் கை வைக்கவில்லை. நான் தொடலாமா, அல்லது நீங்களே எடுத்துத் தருகிறீர்களா என்று கேட்டார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கம் வந்திராது. மாலையைக் கழற்றிப் பெட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன். அவருடைய கையிலும் அது ஒரு தரம் கத்தியது.

இந்தப் பெட்டி வைத்திருப்பதே இங்கே குற்றம், காரைத் தூக்க வண்டி வரும், காகிதங்கள் எழுதவேண்டும், நேரம் எடுக்கும் என்றார்கள். அத்தான் தாயின் கதையைச் சொன்னார். அவருடைய பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு. கேட்டுக்கொண்டிருந்த மற்றப் பொலிஸ்காரர் கையை நீட்டிக் காட்டினார். அங்கே தெரிவது ஸ்டேசன், எயார்போட் போகிற ரெயின்தான், உங்களை வைத்திருக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை, நீங்கள் போகலாம் என்றார். நேரம் அப்போது இரண்டேகால். ஓடியிருந்தால் விமானம் வந்து மாமி பெட்டி எடுப்பதற்கு முன்னமே அத்தான் வாசலில் நின்றிருப்பார்.

அத்தான் இரண்டு அடி வைத்தார். நான் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ. எனக்கு அவங்கள் கேக்கிறது விளங்காது. பயமாக்கிடக்கு."

எட்டு வருடமாகப் பிரெஞ்சில் புடவை விற்றவன் நான். விளங்காமல் என்ன? பயம். வெறும் பயம். அத்தான் ஸ்டேசனைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "சரி, அழாதை. நிக்கிறன்," என்றார்.

எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்து, காரையும் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் ஸ்டேசனுக்கு நடந்தபோது நேரம் ஐந்து. மாண்டோவை அணைத்துக்கொண்டு அவர் முன்னால் போனார். நான் என்ன முகத்தோடு பக்கத்தில் நடப்பது?

மாமி வெளியே வந்த அந்த நேரத்தை அக்கா போனில் வீடியோ எடுத்திருக்கிறாள். கதவு திறக்கிறது. மெல்லிய பருத்திச் சேலையில் ஒரு சின்ன உருவம். அக்காவைக் கட்டிக்கொள்கிறா, பிள்ளைகளைத் தடவுகிறா, ஆனால் கண் மட்டும் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போகிறது. "என்ர பிள்ளை எங்கை? அவன் வரேல்லையே? எங்கை என்ர பிள்ளை?" அக்காவின் சின்னவள் பிரெஞ்சில் ஏதோ சொல்கிறாள். மாமி விளங்கினமாதிரித் தலையை ஆட்டிவிட்டு, திரும்பவும் தேடுகிறா. ஒன்றரை நிமிட வீடியோவில் ஏழு தரம் கேட்கிறா. நான் எண்ணியிருக்கிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமி ஒரு கதிரையில் இருந்து பேரப்பிள்ளைக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தா. தோளில் அக்காவின் மாண்டோ. அத்தான் காலில் விழவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. நீல மாண்டோவை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

"வந்திட்டியே ராசா? உன்ர மனிசி எனக்குப் போடத் தந்திட்டாள். நீ சாப்பிட்டியே?" என்றா மாமி.

நடந்ததைச் சொன்னதும் அக்காவுக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது. "பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறன். பிள்ளையாரையே பொலிஸிலை பிடிச்சுக் குடுத்த குரங்கை இண்டைக்குத்தான் பாக்கிறன்!" என்றாள்.

அந்தப் பெட்டிக்குக் கழிக்கிற புள்ளி ஆறு. நாலிலிருந்து ஆறு போனால் எவ்வளவு மிச்சம் என்று உங்களுக்கே தெரியும். பெர்மி போனது. திரும்ப எடுத்தேன், ஆனால் என் காரில் எங்கள் வீட்டுச் சனம் ஏறுவதில்லை. நான் படியேறினால் அக்காவின் சின்னவள் வாயாலேயே "பீப் பீப்" என்கிறாள். கலியாண வீடு, பிறந்தநாள், எங்கே நாலு பேர் கூடினாலும் பூசை நேரக் கதையை என்னைக் கொண்டே சொல்லவைக்கிறார்கள். நானும் பிள்ளையார் மாதிரிக் கத்திக் காட்டுகிறேன். கோட்டுக் கையைப் பிடித்த இடம் வரும்போது தாண்டிவிடுகிறேன். இன்றுவரை அது அக்காவுக்குத் தெரியாது.

மூன்று மாதம் முடிந்து மாமி ஊருக்குப் போய்விட்டா. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் போனில் முகம் பார்த்துக் கதைப்பார். போன கிழமை நானும் பக்கத்தில் தேத்தண்ணியோடு இருந்தேன். மாமி என்னைக் கண்டதும் சிரித்து, "தம்பி, பிள்ளையார் இப்ப கத்துறேல்லையோ?" என்று கேட்டா. எல்லாரும் சிரித்தோம். பிறகு மாமி அத்தானைப் பார்த்து, "எண்டாலும் அந்தப் பொலிஸ்காரர் உன்னையாவது விட்டிருக்கலாம், என்ன ராசா? உன்னிலை என்ன பிழை?" என்றா.

அத்தான் என்னைப் பார்க்கவில்லை.

"கேட்டுப் பாத்தனான் அம்மா. அவங்கள் விடேல்லை," என்றார்.